பட்டினிப் பரீட்சை
"நாளைக்கு வெறும் வயிற்றுடன் வா, அம்மா!" என்று கர்ப்பிணியிடம் சொல்வது ஆஸ்பத்திரிக்கு மிகவும் சுலபம். பத்து மைல் பஸ்ஸேறி வருகிறவளுக்கோ அது தண்டனை. மறுபடி வராமலே இருந்துவிடுவோர் உண்டு. தாயின் ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை சிசுவையும் எட்டுகிறது. குழந்தை அளவுமீறிப் பருத்துப் பிரசவமே ஆபத்தாகலாம்.

சென்னை டாக்டர் வி. சேஷய்யா, சாப்பிட்டு வந்தவளுக்கும் ஆகும்படி ஒரு பரீட்சையைப் பிரசாரம் செய்தார். 75 கிராம் குளுகோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி கழித்து ஒரே தடவை ரத்தம் எடுப்பதுதான் அது. 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லிகிராம் எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. பட்டினிப் பரீட்சையே திட்டமானது என்று வாதிக்கும் வைத்தியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வராதவளுக்கு எந்தப் பரீட்சை செய்வார்களோ! 2014-ல் இந்திய அரசாங்கம் சேஷய்யாவின் முறையையே ஏற்றது.

முதல் வருகையிலேயே பார்க்கவேண்டும். சரியாயிருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும். சர்க்கரை மிகுந்தால் முதலில் ஆகாரக் கட்டுப்பாடு. அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து.