ஹைட்ரஜன் மேகங்களைப் பார்க்க அடுத்த தொலைநோக்கி எப்போது?

பெங்களூரு மர்பி டவுனில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன் என்று சொன்னதும், "அப்படியென்றால் ஏன் சார் தெரிவதில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆராய்ச்சியாளர்களையே பல காலம் அலைக்கழித்த கேள்வி அது.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு, இருபுறமும் ஒரேபோல் இருப்பது. அதனால் குளிர்ந்த மேகத்தில் அது ரேடியோ அலைகளை வெளியிடுவதே இல்லை எனலாம். அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டர் அலையில் தெரியும். அதைக் கொண்டு ஹைட்ரஜனின் அளவைக் கணிக்கிறார்கள். ஆனால் கார்பன் மோனாக்சைடு குறைந்த மேகங்கள் இந்தக் கணக்கில் தப்பிவிடும்.

ஹைட்ரஜன் மூலக்கூறை நேரடியாகப் பிடிக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். அதை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. 1970இல் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் கருத்தர்ஸ் ராக்கெட்டில் கருவியை அனுப்பித்தான் விண்வெளியில் இந்த மூலக்கூறை முதன்முதலில் கண்டறிந்தார்.

நம் பங்கும் இதில் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்தியச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியை ஒருங்கிணைத்தது, கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஹொஸ்கோட்டே வளாகத்தில். எங்கள் பகுதியை ஒட்டிய ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் கிழக்கே போனால் வரும் ஊர்தான் ஹொஸ்கோட்டே. வண்ணத்துப்பூச்சி நெபுலாவைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியும் அளவைப்போல் சுமார் மூன்று மடங்கு பரவிய புற ஊதா ஒளியை இந்தத் தொலைநோக்கி காட்டியது. குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறுகள், நட்சத்திரத்தின் புற ஊதா ஒளியை வாங்கித் திரும்ப உமிழ்வதால் வந்த ஒளி அது என்று 2018இல் ஆய்வாளர்கள் விளக்கினர்.

2003இல் ஏவப்பட்ட தென்கொரியச் செயற்கைக்கோளின் பழைய புற ஊதாப் பதிவுகளிலிருந்து, சுமார் 300 ஒளியாண்டு தொலைவில் ஒளிந்திருந்த 'ஈயோஸ்' என்ற ஹைட்ரஜன் மேகத்தை 2025இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருமுறை பதிந்த ஒளி இருபது ஆண்டுகள் கழித்தும் பலன் தருகிறது.

ஆஸ்ட்ரோசாட் ஐந்தாண்டுக்கென்று திட்டமிடப்பட்டது, பத்தைத் தாண்டிவிட்டது. அதன் அருகண்மைப் புற ஊதாப் பிரிவு 2018லேயே நின்றுபோனது. அடுத்ததாக 1 மீட்டர் ஆடி கொண்ட 'இன்சிஸ்ட்' தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. ஒரு விண்வெளிக் கருவி உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். இன்று தாமதித்தால், ஆஸ்ட்ரோசாட் ஓய்ந்த பின் நமக்கென்று ஒரு புற ஊதாக் கண் இருக்காது; அதைக் கட்டிப் பழகிய கைகளும் கலைந்துவிடும். மத்திய அரசும் இஸ்ரோவும் இன்சிஸ்ட்டுக்கு விரைந்து நிதி ஒதுக்க வேண்டும்.