பேட்சை நிறுத்த யாருக்கு அதிகாரம்?

குடிக்கும் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ் தயாரித்த ‘கோல்ட்ரிப்’ இருமல் மருந்தின் ஒரு பேட்சைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபர் முதல் வாரத்தில் சோதித்தது. அதில் இருந்தது 48.6 சதவீதம். பெயின்டிலும் பிரேக் ஆயிலிலும் சேர்க்கப்படும் ஒரு திரவம், குழந்தை மருந்துப் புட்டியில் கிட்டத்தட்டப் பாதி. மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், அதைக் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்.

நிறுவன உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது, மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். கூடவே, வழக்கம்போல, ‘சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்’ என்ற குரலும் எழுந்தது. ஆனால் இந்த விஷயத்தில் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளில் வரும் ‘அட்டவணை எம்’, மூலப்பொருள் உள்ளே வரும்போதே சோதிக்கச் சொல்கிறது; தயாரான மருந்தை வெளியே விடுமுன் மறுபடியும் சோதிக்கச் சொல்கிறது; தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு உற்பத்திப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தப் புட்டி சுங்குவார்சத்திரத்திலிருந்து சிந்த்வாரா போய்ச்சேர, இந்த ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அல்லது கையெழுத்தே இல்லாமல் சரக்கு நகர்ந்திருக்க வேண்டும். இரண்டில் எது மோசம் என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

குழந்தைகள் இறந்த பிறகு அந்த ஆலைக்குள் போன அதிகாரிகள் 350க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டதாக அறிவித்தார்கள். நிறுவனம் உரிமம் பெற்றது 2011இல். முந்நூற்றைம்பது குறைகள் ஒரே இரவில் முளைத்திருக்காது. அங்கே தினமும் வேலைக்கு வந்துபோனவர்களின் கண்ணெதிரே அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். ‘ஒருவருக்குக்கூடவா தெரியாது?’ என்று கேட்பது சுலபம். தெரிந்த ஒருவர் வாயைத் திறந்திருந்தால் மறுநாள் அவருக்கு அங்கே வேலை இருந்திருக்குமா என்று கேட்டால்தான் பிரச்சினையின் வேர் தெரியும்.

விதிகளை மதிக்கும் பழக்கம் ஒரு நிறுவனத்தில் இருக்கிறதா என்பதை அதன் விதிப் புத்தகத்தின் தடிமனை வைத்துச் சொல்ல முடியாது. சம்பளப் பட்டியலில் நடுவிலோ அடியிலோ இருக்கும் ஒருவர், தர ஆய்வுக்கூடத்துக் கெமிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம், ‘இந்த பேட்ச் போகக் கூடாது’ என்று சொன்னால் என்ன நடக்கிறது? லாரி நிற்கிறதா, இல்லை, அந்தக் கெமிஸ்டின் இருக்கை மாறுகிறதா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நம் ஊர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஆடிட் என்பது பெரும்பாலும் ஒரு திருவிழா. வருகிற தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். சுண்ணாம்பு அடிப்பார்கள், தீயணைப்பு சிலிண்டரின் தூசியைத் தட்டுவார்கள், காலியாகக் கிடந்த ரெஜிஸ்டரை உட்கார்ந்து நிரப்புவார்கள். மூன்று மாதத் தேதிகள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. வந்தவர் பார்த்துவிட்டுப் போனதும் எல்லாம் பழையபடி. இதில் கெடுவது ரெஜிஸ்டர் மட்டுமல்ல. புதிதாகச் சேர்ந்த இளைஞன் முதல் ஆடிட்டிலேயே ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: விதி என்பது வெளியிலிருந்து வருபவருக்குக் காட்டுவதற்கான பொருள். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று மேனேஜர் சொல்லும்போது அவன் தலையாட்டுவது அந்தப் பாடத்தால்தான்.

சிறு நிறுவனம், பணமில்லை, படித்த ஆளில்லை, அதனால்தான் இப்படி என்று ஒரு சமாதானம் உண்டு. இதைப் பொய்யாக்க ரான்பாக்சி ஒன்றே போதும். இந்தியாவின் மிகப் பெரிய மருந்து நிறுவனம் என்று ஒரு காலத்தில் பெயரெடுத்தது அது. செயல்முறைக் கையேடுகளும் தர உறுதிப் பிரிவும் அங்கே இருந்தன; அயல்நாட்டில் படித்த விஞ்ஞானிகளும் இருந்தார்கள். 2004இல் தினேஷ் தாக்கூர் என்ற அதிகாரியிடம் அவருடைய மேலதிகாரி ஒரு வேலையைக் கொடுத்தார்: பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் சோதனைத் தரவுகள் உண்மையானவைதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நடக்காத சோதனைக்கு முடிவுகள் இருந்தன. ஒரு நாட்டுக்காக எடுத்த தரவு இன்னொரு நாட்டின் விண்ணப்பத்தில் இருந்தது. கண்டதையெல்லாம் தொகுத்து, இயக்குநர் குழுவின் ஒரு கமிட்டி முன்பே வைத்தார்கள்.

அந்த அறையில் இருந்தவர்களுக்கு அப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. பிறகு நடந்தது என்ன? அறிக்கையை முன்வைத்த மேலதிகாரி ராஜினாமா செய்தார். 2005இல் தாக்கூரும் வெளியேறினார். அவர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புனைபெயரில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே நகர்ந்தது. 2008 செப்டம்பரில் தேவாஸ், பாவ்ன்டா சாகிப் ஆலைகளிலிருந்து 30 மருந்துகள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வந்தது. 2013 மே மாதம் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டது. கட்டவேண்டிய தொகை 50 கோடி டாலர்.

அதோடு திருந்தியிருக்க வேண்டுமே. அந்த ஒப்புதலுக்கு எட்டே மாதத்தில், 2014 ஜனவரியில், பஞ்சாபின் டோன்சா ஆலைக்குப் போன அமெரிக்க ஆய்வாளர்கள், பிடித்த முடிவு வரும்வரை ஊழியர்கள் மாதிரிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்ததாகக் குறித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஈ மொய்த்ததும் குறிப்பில் இருந்தது. இத்தனைக்கும் 2008லேயே ரான்பாக்சியை ஜப்பானின் டெய்ச்சி சாங்க்யோ வாங்கியிருந்தது. புது முதலாளி, மாபெரும் அபராதம், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூட மேசையில் மட்டும் பழைய பழக்கம். தலைமையகத்தில் கட்டிய அபராதம் அந்த மேசைவரை போய்ச்சேரவில்லை. சோதனையில் தோற்ற மாதிரியைத் ‘தோற்றது’ என்று எழுதியவருக்கு அங்கே என்ன மரியாதை கிடைத்தது என்பது மாறாதவரை அது போய்ச்சேரவும் சேராது.

இதே டைஎத்திலீன் கிளைக்காலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1937இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மாசங்கில் நிறுவனம் சல்பானிலமைடு மருந்தை இதில் கரைத்து ‘எலிக்சிர்’ என்ற பெயரில் விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் நச்சுச் சோதனை செய்ய வேண்டும் என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை; ஆகவே நிறுவனமும் செய்யவில்லை. அரசு வழக்குப் போட முடிந்ததே ஒரு சில்லறைக் காரணத்தால்தான்: சாராயம் கலக்காத மருந்துக்கு அந்தப் பெயரைப் போட்டது தவறு! ‘சட்டப்படி எங்கள்மேல் தவறில்லை’ என்ற பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. மறு ஆண்டே அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது.

அந்தச் சாவுகளுக்குக் காரணம் தேடிய சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் பிரான்சிஸ் கெல்சி என்ற இளம் மாணவி வேலை பார்த்தார். 1960இல் அவர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்தபோது மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடமைடு. ஐரோப்பாவில் அப்போது அமோகமாக விற்பனையான தூக்க மருந்து. ஆதாரம் போதாது என்று கெல்சி திருப்பி அனுப்பினார். நிறுவனம் விடவில்லை; கடிதம், போன், நேரில் வருகை, மேலதிகாரிகளிடம் முறையீடு. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தது தெரியவரும்வரை அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1962இல் அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது அளித்தார். கெல்சியின் உறுதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ‘அந்தப் புதுப் பெண்ணை விட்டுத்தள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்லாத அவருடைய மேலதிகாரிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் இல்லாமல் கெல்சி இல்லை.

மேலே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தொழில்துறையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்த பால் ஓநீல், லாபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தொழிலாளிக்குக் காயம் படக் கூடாது என்றார். எங்கே யாருக்கு அடிபட்டாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தன் மேசைக்கு வர வேண்டும் என்றார். இப்படி எல்லாத் தலைவர்களும் பேசுவார்கள். 1996 பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து, மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் புகையால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார். ஓநீல் விசாரித்தார். ஆலை நிலையைச் சரிசெய்திருந்தார்கள். ஆனால் மேலே சொல்லவில்லை. அந்தப் பிரிவின் தலைவர் பல ஆண்டு அனுபவசாலி, விற்பனையைப் பல மடங்காக்கியவர். அவரை ஓநீல் வேலையைவிட்டு அனுப்பினார். மறைத்தவர் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தாலும் தப்ப முடியாது என்பதை அதன்பின் யாரும் சுற்றறிக்கையில் எழுதிக்கொண்டிருக்கத் தேவைப்படவில்லை.

நம் நிறுவனங்களில் பதவி உயர்வு யாருக்குப் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான செய்திதான் கிடைக்கும். மாதக் கடைசியில் டார்கெட்டை முடித்தவருக்குக் கேடயம். சரக்கை நிறுத்தியவருக்கு ‘டீம் பிளேயர் இல்லை’ என்ற பெயர்.

நல்ல உதாரணத்துக்கு அல்கோவாவரை போக வேண்டும் என்றுகூட இல்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்தின் மாதிரிகளை, தயாரித்தவர் யாரென்று தெரியாதபடி மறைத்து, வெளி ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிச் சோதிக்கிறது. தேறினால்தான் விநியோகம். தேறாத மருந்தைத் தந்தவர் கருப்புப் பட்டியலுக்குப் போகலாம். சோதிப்பவருக்கு யாருடைய சரக்கு என்று தெரியாததால் யாரும் அவரைக் கெஞ்சவோ மிரட்டவோ முடியாது. நேர்மையாக இருப்பதற்கு அங்கே வீரம் தேவைப்படுவதில்லை; நல்ல அமைப்பின் அடையாளம் அதுதான். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன இந்த ஏற்பாடு நடக்கும் அதே மாநிலத்தில், தனியார் சந்தைக்குப் போகும் மருந்துக்கு அப்படியொரு கண் இல்லாமல் போனதுதான் சோகம்.

தவறைச் சொல்பவருக்கு இந்தியச் சட்டம் தரும் காவல் மெலிந்தது. கலப்படம் செய்த பெட்ரோல் பங்கைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 2005இல் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டைச் சொல்வோரைக் காக்கும் சட்டம் 2014இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது. வந்தாலும் அது அரசு ஊழியர்களுக்கு எதிரான புகார்களுக்குத்தான். 2013 கம்பெனிச் சட்டம் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களுக்கும் வேறு சிலவற்றுக்கும் புகார் வழி அமைக்கச் சொல்கிறது. சிறு மருந்து ஆலையின் கெமிஸ்ட் இதில் எதிலும் வரமாட்டார்.

2023 டிசம்பரில் திருத்திய ‘அட்டவணை எம்’ வந்தது. சிறு, நடுத்தர ஆலைகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டினார்கள். செலவு தாங்காது என்று சிறு முதலாளிகள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. காற்றுச் சுத்திகரிப்புக்கும் கருவிக்கும் கோடிகள் வேண்டும்தான். ஆனால் பீப்பாயில் வந்த திரவத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்க, விலை குறைந்த எளிய சோதனைகளே உண்டு. கோல்ட்ரிப் சாவுகளுக்குப் பிறகு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்திலேயே, பல ஆலைகள் மூலப்பொருளை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சோதிப்பதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்ததாக எழுதினார். அது பணத்தால் வந்த குறை அல்ல.

அரசு நாளைக்கே செய்யக்கூடியவை இரண்டு. மருந்து ஆய்வாளர் ஆலைக்குள் போனதும் தேறிய பேட்ச்சுகளின் கோப்புக்கு முன்னால், தேறாதவற்றின் பட்டியலைக் கேட்கலாம். கடந்த மூன்று ஆண்டில் ஒரு பீப்பாயைக்கூடத் திருப்பி அனுப்பாத, ஒரு பேட்ச்சைக்கூட நிறுத்தாத ஆலை அதிசய ஆலை. அங்கேதான் அதிக நேரம் உட்கார வேண்டும். மற்றொன்று, சோதனைக்குப் பொறுப்பான தொழில்நுட்ப ஊழியர் யார் என்பதைத் துறையே ஏற்று அங்கீகரிக்கிறது; அவர் மாறினால் நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இன்று அது ஒரு காகிதத்தோடு முடிகிறது. விலகிப்போன அந்தக் கெமிஸ்டை, முதலாளி இல்லாத இடத்தில், துறை அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டு ஏன் விலகினீர்கள் என்று கேட்கலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.