ஹிட்லரின் யூதத் துவேஷம்

ஜெர்மானிய சர்வாதிகாரியான அடால்ஃப் ஹிட்லர் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மைன் காம்ஃப்’ என்னும் நூல் நம் நாட்டுப் புத்தகக் கடைகளில் இன்றும் தடையின்றி விற்பனையாகின்றது. அதனை விரும்பி வாங்குவோருள் இளைஞரும் உளர். அவன் யூதரைப் பகைத்தது பிழையேயாயினும், அவனது உறுதியும் நாட்டுப்பற்றும் போற்றத்தக்கன என்று சிலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றுப் பொருந்தாதென்பதே நம் கருத்து. வேரை விலக்கி மரத்தை மட்டும் கொள்ளுதல் எங்ஙனம் கூடும்?

ஹிட்லரின் கொள்கைக்கு யூதத் துவேஷமே வேர். அரசியலில் பெயர் பெறுமுன்னரே, 1919-இல் எழுதிய ஒரு கடிதத்தில், யூதரை அடியோடு அகற்றுதலே முடிவான நோக்கமென்று அவன் குறித்தான். சரித்திரமெல்லாம் இனங்களின் போரென்பதும், மனிதனின் தகுதி அவனது இரத்தத்தில் அடங்கியதென்பதும் அவன் துணிபு. பெருமுதலாளிகளை ஆட்டிவைப்போரும் யூதர், பொதுவுடைமைப் புரட்சியை மூட்டுவோரும் யூதர் என்று அவன் ஒரே மூச்சிற் கூறினான். ஒன்றையொன்று மறுக்கும் இரு குற்றங்களை ஒரு கூட்டத்தார்மீதே சுமத்துவதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. பகைமை ஒன்றே போதும். அவன் பதவியேற்ற 1933-இல் ஜெர்மனியில் யூதர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். 1935-ஆம் ஆண்டின் நூரம்பர்க் சட்டங்கள் அச்சிறு கூட்டத்தாரின் குடியுரிமையைப் பறித்தன. பாட்டன் பாட்டியருள் மூவர் யூதராயின், கிறிஸ்து மதம் தழுவியவனும் யூதனாகவே கணிக்கப்பட்டான். அவனது நம்பிக்கையோ, ஒழுக்கமோ, கல்வியோ அங்கே கணக்கில் வரவில்லை.

நிற்க, மனிதரைச் சரக்காக எண்ணுதலின் முடிவு யாதென்பதைப் போத்தனூரில் வாழும் நாம் பிறரினும் தெளிவாக உணர்தல் கூடும். 1921 நவம்பரில், மாப்பிள்ளைக் கிளர்ச்சியிற் சிறைப்பட்ட ஏறத்தாழ 100 பேர், பல்லாரிச் சிறைக்கென்று திரூரில் ஒரு சரக்கு வண்டியுள் அடைக்கப்பட்டனர். காற்றோட்டமற்ற அவ்வண்டியின் கதவை நம் நிலையத்தில் திறந்தபோது பலர் மூச்சடைத்து மாண்டு கிடந்தனர். உயிரிழந்தோர் தொகை 60-க்கும் மேலாயிற்று. அது அலக்ஷியத்தின் விளைவு. ஹிட்லரின் ஆட்சியிலோ அத்தகைய சாவே அரசாங்கத்தின் திட்டமாயிற்று. அந்நாட்டு ரயில்வே இலாகா கால அட்டவணை வகுத்து, தலைக்கு இவ்வளவென்று கட்டணமும் கணக்கிட்டு, முதியோரையும் குழந்தைகளையும் கொலைக்களங்களுக்கு ஏற்றிச் சென்றது. மாண்ட யூதர் ஏறத்தாழ 60 லக்ஷம். அட்டவணை வகுத்தோர் கல்வியறிவில்லாதவரல்லர், படித்த உத்தியோகஸ்தரே.

யூதரோடு கூடி வாழ்தல் இயலாதென்பது ஹிட்லரின் வாதம். நம் ஊரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே செல்லும் இருப்புப்பாதையின் மறுபுறத்திலேயே அதற்கு விடை உளது. ஏறத்தாழ 1000 ஆண்டுகட்கு முன்னர், சேரவேந்தன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேட்டில் உரிமைகள் பொறித்து வழங்கினான். கொச்சியில் 1568-இல் எழுந்த யூத ஆலயம் மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்து இன்றும் நிற்கின்றது. அரண்மனைக்கு அதனால் யாதொரு கேடும் நேர்ந்ததில்லை.

அவனது நாட்டுப்பற்றைப் புகழ்வோர் மற்றொன்றையும் நினைவில் வைத்தல் நலம். இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியின் கீழிருத்தலையே தான் விரும்புவதாக அவன் அதே நூலில் எழுதினான். நம் முன்னோரின் விடுதலைப் போர் அவனுக்கு நகைப்பிற்கிடமாயிற்று.

1933 மே 10-ஆம் நாள் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணாக்கர் தாமே முன்னின்று நூல்களைத் தீயிலிட்டனர். ஆதலின் கல்வி மட்டும் ஒருவனைக் காவாதென்பதை நாம் மறத்தலாகாது. பிறப்பினால் மனிதனை அளக்கும் கோல் ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்த் தெருக்களிலும் அதனைக் கண்டிருக்கின்றோம். ஹிட்லரின் நூலைப் படித்தலாகாதென்று நாம் கூறோம். அதனைப் படிக்கும் மாணாக்கர், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த 60 லக்ஷம் உயிர்களின் கணக்கோடு வைத்துப் படிப்பாராக. பின்னர்த் தம் கையிலும் அவ்வளவுகோல் உளதோவென்று நோக்குவாராக.