நியாஸ் தீவின் முன்னோர் எங்கே போயினர்?

ஒரு சமயம் இன்னொரு சமயத்தின் இடத்தைப் பிடித்த கதையைப் பேசும்போது நாம் கடவுளரைப் பற்றியே பேசுகிறோம். அந்நிலத்தில் இறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதில்லை. சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள நியாஸ் தீவின் வரலாறு அக்கேள்வியைத் தவிர்க்க விடுவதில்லை.

பழைய நியாஸ் மக்களுக்கு இறந்தவர் வீட்டை விட்டுப் போனவரல்லர். தலைவன் சாகும் தறுவாயில் அவனது 'எஹேஹா'வை, கடைசி மூச்சோடு வெளியேறும் ஆவியை, வாரிசாகிய மகன் தன் வாயால் ஏற்றுக்கொள்வான். தலைமையுரிமை அம்மூச்சின் வழியே கைமாறியது. நெஞ்சில் உறையும் உயிரோ, சிலந்தி போன்ற சிற்றுருக் கொண்டு புதைத்த இடத்தில் தங்கும். உறவினர் அதைத் தேடியெடுத்து வந்து, 'அடு ஸாத்துவா' என்னும் மரப்பாவையில் சேர்ப்பர். நோய் வந்தால் அப்பாவையின் முன்தான் படையல்.

1865இல் ஜெர்மனியின் ரைனிஷ் மிஷனைச் சேர்ந்த டெனிங்கர் குனுங்சித்தோலிக்கு வந்தார். தொடக்கத்தில் மதம் மாறியோர் சிலரே. 1916இல் மூண்ட 'மனந்திரும்புதல்' பேரெழுச்சி தீவையே புரட்டிப் போட்டது. பாவைகள் பல எரிக்கப்பட்டன. பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குக் கப்பலேறின.

ஆனால் சொற்கள் எரியவில்லை. மேலுலகத் தெய்வமான 'லோவலாங்கி'யின் பெயரே கிறித்தவக் கடவுளின் பெயராயிற்று. தந்தையின் வாயிலிருந்து மகன் ஏற்ற 'எஹேஹா'வே பரிசுத்த ஆவியைக் குறிக்கும் சொல்லாயிற்று. மூச்சையும் உயிரையும் ஒருங்கே குறிக்கும் 'ஆவி'யைத் தமிழ் விவிலியத்தில் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இதைக் கொண்டு பழமைக்காக மட்டுமே கண்ணீர் வடிக்க நாம் முன்வரவில்லை. பெருந்தலைவனுக்கு மறுமையில் ஊழியம் செய்ய மனிதத் தலைகளைக் கொய்து வந்ததும் அதே நம்பிக்கையின் மறுபக்கம்தான். தலைவனுக்கும் அடிமைக்கும் ஒரே மறுமை என்று சொன்ன சமயம் அடிமையின் செவிக்கு எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

எனினும் தலை கொய்வதை நிறுத்துவதற்குத் தந்தையின் பாவையை எரிக்க வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. தெய்வத்தின் பெயரையே ஏற்றுக்கொள்ள முடிந்த மிஷனுக்கு, முன்னோரின் நினைவுக்கும் ஓரிடம் தர முடிந்திருக்கும். பின்னாளில் கப்புச்சின் துறவி யோகன்னஸ் ஹேமர்லே குனுங்சித்தோலியில் நியாஸ் மரபுரிமை அருங்காட்சியகத்தை உருவாக்கி, எஞ்சிய பாவைகளையும் வாய்மொழி மரபுகளையும் சேகரித்தார். ஒரு மறைபணியாளர் அழித்ததை இன்னொரு மறைபணியாளர் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்.

ஐரோப்பியக் கண்ணாடிப் பேழைகளில் நிற்கும் பாவைகள் 'பழங்குடிக் கலை' என்ற பெயரில் ரசிக்கப்படுகின்றன. அவை கலையாகச் செதுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தந்தை, தாய். விளக்கப் பலகைகளில் முதலில் எழுதப்பட வேண்டியது அதுவே.