மீண்டும் வரும் பழுது

“கைதேர்ந்த விமானி இருக்கையில் அச்சம் எதற்கு?” பழுதுற்ற விமானம் ஒன்று நலமாகத் தரையிறங்கியது என்ற செய்தி வரும்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் கடைத்தெருக்களிலும் எழக்கூடிய கூற்று இது. கேட்கச் செவிக்கு இனியது. ஆயினும் தீங்கு விளைக்கும் பாராட்டு இது. விமானியின் திறமை பழுதுக்கு மருந்தாகாது.

2005 ஆகஸ்ட் 1ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் புறப்பட்டது மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 777 விமானம். ஏறிக்கொண்டிருந்தபோது, வேகம் மிகக் குறைவு என்றும் மிக அதிகம் என்றும் ஒரே நேரத்தில் எச்சரிக்கைகள் தோன்றின. மூக்கை உயர்த்திய விமானம் ஏறத்தாழ 41,000 அடிவரை தானே ஏறிற்று. விமானி தானியங்கிச் செலுத்தியை விலக்கி, மூக்கைத் தாழ்த்தி, விமானத்தைப் பெர்த்துக்கே திருப்பி இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் யாது? முடுக்கத்தை அளக்கும் உணரிகளுள் ஒன்று 2001 ஜூன் மாதத்திலேயே கெட்டிருந்தது. ஒன்று கெட்டாலும் ஏனையவை போதும் என்பதே வடிவமைப்பு. எனவே அது மாற்றப்படவில்லை. நான்காண்டுகள் கழித்து இன்னொன்றும் கெட, கணினி நிரலின் பிழையால் பழைய உணரியின் பொய்யான அளவே மீண்டும் மெய்யென ஏற்கப்பட்டது. ஒதுக்கிவைத்த பழுது உறங்கியதேயன்றி மறையவில்லை.

அன்று காத்த நல்வாய்ப்பு எந்நாளும் வாய்ப்பதில்லை. மலேசியாவில் தோன்றிய ஏர்ஏசியா குழுமத்தைச் சார்ந்த இந்தோனேசிய விமானம் ஒன்று, 2014 டிசம்பர் 28ஆம் நாள் சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் செல்லும் வழியில் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. 162 உயிர்கள் மாண்டன. அவ்விமானத்தில் சுக்கானின் அசைவை வரையறுக்கும் கருவி, முந்தைய பன்னிரண்டு திங்களில் 23 முறை பழுதுற்றிருந்தது. மின்னணுப் பலகையின் ஈயப்பற்றில் ஏற்பட்ட விரிசலே மூலம். இறுதிப் பயணத்தில் அதே எச்சரிக்கை நான்காம் முறை எழுந்தபோது, கட்டுப்பாட்டுக் கணினிகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தானியங்கிச் செலுத்தி விலகிற்று. விமானிகளால் விமானத்தை மீட்க இயலவில்லை. அவர்கள் கையாண்ட முறையிலும் தவறு இருந்தது, மெய்தான். ஆனால் அத்தவறு நேரும் களத்தை அமைத்துத் தந்தது எது?

“சிறு பழுதுக்கெல்லாம் விமானத்தை நிறுத்தினால் தொழில் நடவாது” என்பர் சிலர். ஒருமுறை தோன்றிய சிறு பழுதைப் பொறுத்தருளலாம். இருபத்து மூன்று முறை தோன்றிய பின்னும் அது சிறு பழுதா? அணைத்து மீண்டும் இயக்குவது எச்சரிக்கையின் வாயை அடைப்பதேயன்றிப் பழுதைத் தீர்ப்பதன்று. ஒரே பிழையை மாணவன் இருபத்து மூன்று முறை எழுத, காரணம் வினவாமல் அழித்துவிட்டு நகரும் ஆசிரியரை நாம் ஆசிரியர் என்போமா?

விமானி பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் படிக்கப்படுவதற்கே எழுதப்படுகிறது. ஒரே வரி மறுபடியும் தோன்றினால், மூலம் காணும்வரை விமானம் தரையில் நிற்கட்டும். அந்நிலையில் புறப்பட மறுக்கும் விமானியைக் கோழை என்றும், காலந்தாழ்த்தினார் என்றும் பழிக்கும் வழக்கம் ஒழியட்டும். நலமாக இறக்கியவரைப் போற்றும் சமுதாயம், ஏற மறுத்தவரையும் போற்றக் கற்கவேண்டும். பழுதைப் பொறுத்துப் பறப்பது வீரமன்று. பழுதைத் தீர்த்துப் பறப்பதே அறிவு.