கோப்பியின் சத்து பாலிலே

1983இன் பின்னர் கடல் கடந்து தமிழகத்து முகாம்களில் வாழ்ந்து திரும்பிய எமது குடும்பங்கள் பல, அங்கிருந்து பால்கோப்பிப் பழக்கத்தையும் கொண்டுவந்துள்ளன. கோப்பி தெம்பு தரும் என நம்பிப் பிள்ளைகளுக்கும் அதனைக் கொடுக்கும் தாய்மார் உண்டு. இதுபற்றி நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

தமிழகத்தில் இது ஆதிகால வழக்கமன்று. காலையில் நீராகாரம் குடித்த மக்களிடையே கோப்பி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான். அன்று அதனைக் கண்டித்து எழுதியோரும் பலர். ஆயினும் அது நிலைத்துவிட்டது. வறுத்து அரைத்த தூளை வடிகட்டியிலிட்டுக் கொதிநீர் ஊற்ற, டிக்காசன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதில் சிறிதளவு எடுத்து, காய்ச்சிய பசும்பாலை நிறைய ஊற்றி ஆற்றிக் குடிப்பதே அங்குள்ள முறை.

டிக்காசன் உற்சாகம் தரும். அதில் உணவுச்சத்து மிகக் குறைவு. சத்து பாலிலேயே உள்ளது. 100 மில்லிலீற்றர் பசும்பாலில் ஏறக்குறைய 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. பாலைக் குறைத்து நீரையும் சீனியையும் கூட்டினால் மிஞ்சுவது சுவை மட்டுமே. மேலும், சாப்பாட்டுடன் குடிக்கும் கோப்பியும் தேநீரும் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. எனவே கர்ப்பிணித் தாய்மாரும் இரத்தச்சோகை உள்ளவர்களும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்தே அவற்றைக் குடிக்க வேண்டும். சிறுபிள்ளைகளுக்குக் கோப்பி வேண்டாம். காய்ச்சிய பாலே போதும்.

ஆனால் அந்தப் பால் எங்கே? போரில் பட்டி பட்டியாக மாடுகளை விட்டு வந்தவர்கள் எமது மக்கள். பாடுபட்டு மீண்டும் ஒரு பசுவை வாங்கிய வீட்டில், காலைப்பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்திற்குப் போகின்றது. பிள்ளைக்கோ கடையில் பால்மா வாங்கப்படுகின்றது. 2022இல் அந்தப் பால்மாவுக்கும் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கலாகாது.

கடனைக் கட்டவும் கொப்பி புத்தகம் வாங்கவும் பால் விற்கத்தான் வேண்டும். அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் விற்கு முன்னர் பிள்ளைக்கென ஒரு தம்ளர் பாலை எடுத்து வையுங்கள். பசு இல்லாதவர்கள் பால்மாவுக்குக் கொடுக்கும் காசை அயல்வீட்டுப் பாலுக்குக் கொடுக்கலாம். அந்தக் காசு ஊருக்குள்ளேயே சுழலும். பிள்ளையின் பங்கு போக மிஞ்சிய பாலில் பெரியவர்கள் கோப்பி போட்டுக் குடிக்கட்டும்.