ஜூக்கினியும் பறங்கிப் பிஞ்சும்

பெங்களூரிலிருந்து வந்த மகள் பையில் நாலு ஜூக்கினி கொண்டு வந்திருந்தாள். என் வீட்டம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பீர்க்கங்காய்க்கு நரம்பைச் சீவிட்டு விக்கிறாங்களா?" என்றார். பிறகு நம் வழக்கப்படி கடுகு, உளுந்து தாளித்து, நறுக்கிய காயைக் கொட்டி, கையளவு தண்ணீர் தெளித்து மூடி போட்டார். கால் மணி நேரத்தில் கூழ். தேங்காயைத் தூவினாலும் கூழ் கூழ்தான். பேரன் தட்டில் ஒதுக்கி வைத்தான். "இதுக்கு நம்ம சுரைக்காயே தேவலாம்" என்று தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. குற்றம் காய் மேல் இல்லை, மூடி மேல். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராக இருக்கும் ஒரு காய்க்கு இன்னும் தண்ணீர் எதற்கு? நம் வீடுகளில் வெந்த காய் என்றால் குழைந்த காய் என்று பொருள். கிழக்கு ஆசியக்காரர்கள் வேறு விதமாக யோசிக்கிறார்கள். அதை நான் தெரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல, ஆம்பூரில்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு கொரியர் வந்தார். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவதில் கெட்டிக்காரர். ஊர் பூசான். ஒரு காலத்தில் உலகத்துக்கே ஷூ தைத்துக் கொடுத்த ஊர் அது. அங்கே கூலி ஏறி வேலை வெளிநாடுகளுக்குப் போனதும், அந்த ஊர் வல்லுநர்களும் வேலை போன இடமெல்லாம் போனார்கள். அப்படி வந்தவர்தான் இவரும். வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணியை எங்களோடு சேர்ந்து ரசித்துச் சாப்பிடுவார், கத்தரிக்காயையும் விட மாட்டார். ஆனால் ராத்திரிச் சாப்பாடு கெஸ்ட் ஹவுஸில் அவர் கையால்தான்.

சாயங்காலம் மார்க்கெட்டுக்கு என்னையும் கூட்டிப் போவார். எல்லோரும் பழுத்த பறங்கியில் கீற்று வாங்க, இவர் மட்டும் ஓரமாகக் கிடக்கும் பச்சைப் பிஞ்சைப் பொறுக்குவார். காய்க்காரம்மா பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதை அவர் நீளவாக்கில் பிளந்து, அரைநிலா வடிவில் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாக வெட்டுவார். சட்டியை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய், நசுக்கிய பூண்டு, ஒரு பிடி சென்னாக்குனி, அப்புறம் காய். அவர் ஊரில் உப்பில் ஊறிய சின்ன இறால் போடுவார்களாம். இங்கே சென்னாக்குனி கிடைத்ததே அவருக்குப் பெரிய சந்தோஷம். நாலு நிமிடம் கிளறி இறக்கிவிடுவார். நாங்கள் "வேகாத காய்" என்று கேலி செய்தோம். ஒரு நாள் ருசி பார்த்த பிறகு நான் மட்டும் கேலியை நிறுத்திவிட்டேன்.

ரிட்டையர் ஆனபின்தான் ஒன்று தெரிந்தது. கொரியாவில் இந்தப் பொரியலுக்குப் போடுவது ஜூக்கினி அல்ல. 'ஏஹோபாக்' என்ற பிஞ்சு. தாவரவியல்படி அது நம் பறங்கியின் இனமே, குக்கர்பிட்டா மொஸ்காட்டா. ஜூக்கினி அதற்குப் பங்காளி, குக்கர்பிட்டா பெப்போ. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஒன்று வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இங்கே 'பறங்கி' என்று பெயர் வாங்கியது. மற்றொன்றை இத்தாலிக்காரன் நீளமாக வளர்த்து, 'சின்னப் பூசணி' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தான். ஆக, அந்த மனிதர் ஆம்பூர் மார்க்கெட்டில் தேடி எடுத்தது மாற்றுக் காயே இல்லை, தன் வீட்டுக் காய்தான். தஞ்சாவூர்ப் பக்கம் பறங்கிக்கொட்டை என்று இதே பிஞ்சில் பால் கூட்டு வைக்கிறார்கள். நாம்தான் கவனிக்கவில்லை.

மகள் ஊருக்குப் போனபின் மீதி இரண்டு ஜூக்கினியை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி வந்த நாளாக ராத்திரிச் சமையல் என்னுடையது.

தோல் சீவ வேண்டாம், கழுவினால் போதும். அரைநிலாத் துண்டுகள். இரும்புச் சட்டி புகையும் அளவுக்குக் காய வேண்டும். இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய், நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய். காயைப் பரப்பி ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள், அடி சிவக்கட்டும். சட்டி நிரம்பக் கொட்டினால் தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடும், இரண்டு தடவையாகப் போடுங்கள். புரட்டி இன்னும் இரண்டு நிமிடம். ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், அடுப்பை அணைத்து வறுத்துப் பொடித்த எள். கடையில் விற்கும் ஆசிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசனைக்குச் சில துளி விடுவது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் வருவது. ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. அதனால்தான் எள்ளையே வறுத்துப் போடச் சொல்கிறேன், காசும் மிச்சம். இன்னொன்று: ஜூக்கினியோ சுரைக்காயோ, வெட்டியதும் நுனியை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பாக இருந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சு சூட்டில் போகாது.

இப்போது உப்பு விஷயத்துக்கு வருகிறேன். காய்த் துண்டில் உப்புத் தூவி அரை மணி வைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு வதக்கு என்று பலர் சொல்கிறார்கள். முதல் தடவை அப்படித்தான் செய்தேன். துண்டுகள் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு டேனரியின் பின்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. பச்சைத் தோலுக்கும் இதைத்தான் செய்கிறோம். தோல் எடையில் ஏறக்குறையப் பாதி அளவுக்கு உப்பைத் தேய்த்து அடுக்குவோம். உள்ளே இருக்கும் தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடும், தோல் அழுகாது. பதனிடும் முன் ஊறப்போட்டு அந்த உப்பு முழுவதையும் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று அந்த நாளில் நான் கேட்டதில்லை.

போய்ச் சேர்ந்த இடம் எங்கள் வீட்டுக் கிணறாகவும் இருக்கலாம். பாலாற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கூரை மேல் ஏற்றிவிட்ட பறங்கிக் கொடியும், புழக்கடையில் புடலைப் பந்தலும் அம்மாவின் ராஜ்யம். எண்பதுகளில் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கொடி ஒவ்வொன்றாகக் கருகியது. அம்மா மண்ணைக் குறை சொன்னார், அப்புறம் கண்ணேறு என்றார். நான் தோல் வாசனையோடு வீடு திரும்பி, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதுதான், இந்தத் தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொல்வதைப் படித்தேன். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

தோலைத் திட்டுவது எனக்குச் சுலபமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், இந்த வீட்டுச் சுவரும் எழுந்தது. ஆனால் "ஜூக்கினியெல்லாம் நம்ம ஊர்க் காயா" என்று யாராவது கேட்டால் கோபம் வருகிறது. நம் ஊர்க் காய் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லையே. ஜூக்கினி ஓசூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ வருகிறது. கூரை மேல் சும்மா காய்த்த பறங்கிப் பிஞ்சைத்தான் இப்போது தேட வேண்டியிருக்கிறது.

உப்புத் தூவிப் பிழிவதை நான் விட்டுவிட்டேன். எனக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறக்குறைய அதில் பாதி வந்துவிடும். தூவிய உப்பு, சாஸ், சென்னாக்குனி மூன்றும் சேர்ந்தால் டாக்டரிடம் போய் நிற்க வேண்டியதுதான். சட்டி நன்றாகக் காய்ந்திருந்தால் தண்ணீர் தானே ஆவியாகிவிடும், உப்பு இழுக்க வேண்டியதில்லை.

போன வாரம் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு பாட்டியிடம் மூன்று பறங்கிப் பிஞ்சு கிடைத்தது. "பழுத்ததா தர்றேன் சாமி, இது எதுக்கு?" என்று கேட்டார். அதே சட்டி, அதே பூண்டு, அதே எள். ஜூக்கினியை விட இறுக்கமாகவும் லேசான இனிப்பாகவும் இருந்தது. வீட்டம்மா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, "உப்பு கம்மியா இருக்குங்க" என்றார். நான் தயிரை நகர்த்தி வைத்தேன்.